செத்தவளுக்குப் பட்டம் எதற்கு?

'விட்ச்' என்ற ஆங்கிலச் சொல் ஞானத்தைக் குறிக்கும் 'விஸ்டம்' வழி வந்தது; ஆகவே மேல்நாட்டில் சூனியக்காரிகள் என்று கொல்லப்பட்ட பெண்களெல்லாம் உண்மையில் ஞானிகள், மருத்துவச்சிகள் என்று ஒரு வாதம் வெகுகாலமாய் நடமாடுகிறது. நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் நல்ல எண்ணம் பொய்யைச் சத்தியமாக்கிவிடாது.

பழைய ஆங்கிலத்தில் சூனியக்காரனுக்கு 'விச்சா', சூனியக்காரிக்கு 'விச்செ'. 9-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆல்ஃபிரட் மன்னரின் சட்டத்திலேயே இச்சொல் வந்துவிடுகிறது. அதற்கு முந்திய வேர் எது என்று பண்டிதர்கள் இன்றும் தர்க்கிக்கிறார்கள். ஞானத்தோடு முடிச்சுப் போடுவதைப் பெரும்பாலோர் ஏற்பதில்லை.

ஞானத்தில் பிறந்த சொல் ஒன்று உண்டு: மந்திரவாதியைச் சொல்லும் 'விசார்ட்'. 15-ஆம் நூற்றாண்டில் அதற்கு அறிவாளி என்றே அர்த்தம். மரியாதை ஆணுக்குப் போயிற்று, பார்த்தீர்களா?

நாளடைவில் பாஷை ஈறுகளை உதறிற்று. விச்சாவும் விச்செயும் ஒரே சொல்லாயின. இருபாலுக்கும் பொதுவாய் நின்றிருக்க வேண்டிய அந்தச் சொல் மெல்ல மெல்லப் பெண்ணின் கழுத்தில் மட்டும் விழுந்தது. எந்த இலக்கண விதி இதைச் செய்தது? இலக்கணத்தின் மேல் பழி போடாதீர்கள், ஐயா! செய்தது சமூகம்.

1692-இல் அமெரிக்காவில், மாசசூசெட்ஸைச் சேர்ந்த சேலத்தில் (நம் மாம்பழச் சேலமல்ல) சூனியம் வைத்ததாகச் சொல்லி 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். அதில் 14 பேர் பெண்கள். முதன்முதலாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களுள் ஒருத்தி சாரா குட். வீடு வீடாய் யாசித்துப் பிழைத்தவள். அவளுடைய கைக்குழந்தை சிறையிலேயே செத்தது. நாலைந்து வயது மகளையும் விலங்கு பூட்டி அடைத்தார்கள். பிறகு அவளைத் தூக்கில் போட்டார்கள்.

அவள் எந்த மூலிகையைக் கண்டுபிடித்தாள்? எந்த ஞானத்தைப் போதித்தாள்? ஏழை, பிச்சை போட மறுத்தால் முணுமுணுத்துக்கொண்டு போகிறவள். அவ்வளவுதான். அவளை ஞானியாக்கினால்தான் நமக்குக் கண்ணீர் வருமா? ஞானியைக் கொன்றால் பாவம், பிச்சைக்காரியைக் கொன்றால் பாவமில்லையா?

அதே வழக்கில் மரண தண்டனை பெற்று, தூக்குக்குத் தப்பியவள் எலிசபெத் ஜான்சன். அவள்மேல் கிடந்த தீர்ப்பை மாசசூசெட்ஸ் சட்டசபை 2022-இல்தான் துடைத்தது. அவள் மருத்துவச்சியா, ஞானியா என்ற கேள்விக்கு அங்கே வேலையே இருக்கவில்லை. குற்றமற்றவள் என்பது போதுமானதாயிருந்தது.