கோட்டையில் வாய் திறக்காமல் பில், வாவிக்கரையில் நூறு ரூபாவுக்கு வாக்குவாதம்



பாடசாலை விடுமுறை விட்டால் போதும், எங்கட பக்கத்து வேன்கள் எல்லாம் கொழும்புக்குத்தான். காலிமுகத்திடல், தாமரைக் கோபுரம், போர்ட் சிட்டி என்று பகல் முழுக்கச் சுற்றிவிட்டு, இரவானதும் கோட்டைப் பக்கம் சுஷி, நண்டு, சிங்க இறால் என்று ஒரு பெரிய ரெஸ்டூரன்ட். மேசையில் இருந்து பத்து நிமிசம் ஆகவில்லை, ஸ்டேட்டஸ் வந்துவிடும். பிள்ளையின் முகத்தை விடப் பெரிய நண்டு, பக்கத்தில் பிள்ளை. படத்துக்குக் கீழே இரண்டு கட்சி. ஒரு கட்சி, "மாஷா அல்லாஹ், எந்த இடம் மச்சான்?" மற்றக் கட்சி, "இஸ்ராப்! ஊரில் ஆக்கள் பசியோட கிடக்க இதெல்லாம் தேவையா?" இந்த விடுமுறையிலும் அந்தச் சண்டை எங்கட வட்ஸ்அப் குழுக்களில் ஒரு கிழமை ஓடியது. இரண்டு பேர் குழுவை விட்டே போய்விட்டார்கள்.

ஒரு கிழமைச் சண்டையில் ஒருவர்கூட அந்த நண்டு எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை.

அது எங்கட வாவியில் இருந்தும் போயிருக்கலாம். இலங்கையின் களப்பு நண்டு உலகச் சந்தையில் பெயர் பெற்ற சாமான். சிங்கப்பூரின் பேர்போன சிலி க்ரப்புக்கு இலங்கை நண்டு என்று அங்குள்ள கடைகள் விளம்பரமே போடுகின்றன. நீர்கொழும்பு, புத்தளம், மட்டக்களப்பு, வடக்குக் களப்புகள் என்று பிடிக்கிற நண்டில் பெரியதும் சதைப்பிடிப்பானதும் பல ஆண்டுகளாக உயிரோடு விமானம் ஏறியது. நாட்டுக்குள் நின்றது மிச்சம்தான். 2011இல் தர்ஷன் முனிதாச, குமார் சங்கக்கார, மஹேல ஜயவர்தன மூன்று பேரும் சேர்ந்து கோட்டை பழைய டச்சு வைத்தியசாலைக் கட்டடத்தில் 'மினிஸ்ட்ரி ஒஃப் க்ரப்' திறந்ததற்குப் பின்னால் இருந்த யோசனையே, நல்ல நண்டு எல்லாம் வெளிநாட்டுக்குப் போகிறதே, நாட்டுக்குள்ளும் அதைத் தட்டில் வைத்தால் என்ன என்பதுதான். முனிதாச அதற்கு முன்பே, 1995இல், கொழும்பில் 'நிஹொன்பாஷி' என்ற ஜப்பானிய ரெஸ்டூரன்டைத் தொடங்கியவர். அவருடைய தாய் நாடுகளில் ஒன்று ஜப்பான்.

அந்தக் கடையின் மெனுவைக் கொஞ்சம் கவனியுங்கள். நண்டு அங்கே எடைப்படி. அரைக் கிலோவில் தொடங்கி இரண்டு கிலோ வரை போகும், இரண்டு கிலோவுக்கு 'க்ரப்சில்லா' என்று பெயர் வேறு வைத்திருக்கிறார்கள். பெரிய நண்டின் விலை ஐந்து இலக்கம். இந்த மெனுவில் எங்களுக்குப் பெரிதாகத் தெரிவது விலை அல்ல. அரைக் கிலோவுக்குக் கீழே நண்டு இல்லை என்பதுதான்.

எங்கட சந்தையில் அந்த அரைக் கிலோவுக்கு எத்தனை நண்டு ஏறுகிறது? நாலு. சில நாளைக்கு ஐந்து. உள்ளங்கையில் அடங்குகிற குஞ்சு நண்டுகளைக் கூறு போட்டு விற்கிறார்கள், நாங்களும் "சூப்புக்கு நல்லம்" என்று வாங்குகிறோம். அதைவிட மோசம், கொஞ்சம் பெரிய நண்டு வந்தால் எங்கட முதல் கேள்வி, "சினை இருக்கா?" செம்மஞ்சள் சினை நிறைந்த பெட்டை நண்டுக்கு நாங்கள் போட்டி போடுகிறோம். அந்தப் பெட்டை நண்டு வாவியில் முட்டை விடுவதில்லை. சினை முற்றியதும் முகத்துவாரத்தால் கடலுக்குப் போய்த்தான் பொரிக்க விடும். பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் வாய் திறந்திருக்கிற காலத்தில் அது போகிற வழியில்தான் நாங்கள் கூடையோடு நிற்கிறோம். ஒரு நண்டு பல இலட்சம் முட்டை சுமக்கும். ஒரு பகல் கறிக்கு அது. பிறகு, "முந்தி மாதிரி இப்ப வாவியில நண்டு இல்ல" என்று டீக்கடையில் இருந்து பெருமூச்சு. தங்கூசி வலை கூடாது என்று சட்டம் இருக்கிறது, அது எல்லோருக்கும் தெரியும். அந்த வலையில் ஏறிய குஞ்சை வாங்குகிற கை யாருடையது?

இனி விலைக்கு வருவோம், இந்தப் பதிவை எழுத வைத்ததே அதுதான்.

கொழும்பில் மெனுவில் போட்ட விலையோடு முடிவதில்லை. சேவைக் கட்டணம் 10 சதவீதம். 2024 ஜனவரியில் இருந்து வற் வரி 18 சதவீதம். 20,000 ரூபாவுக்குச் சாப்பிட்டால், வரி தனியாகப் போடுகிற கடையில் குறைந்தது 5,600 ரூபா மேலே வரும். அந்தப் பில் தோல் மட்டைக்குள் வைத்து மேசைக்கு வருகிறது. எங்களில் யாராவது வெயிட்டரைப் பார்த்து, "தம்பி, ஒரு ஆயிரத்தக் குறைங்க" என்று கேட்டிருக்கிறோமா? கேட்டால் மானம் போய்விடும். கார்டைக் கொடுத்துவிட்டு, மிச்சச் சில்லறையை டிப்ஸ் என்று வைத்துவிட்டு, வாசலில் நின்று இன்னொரு படம் எடுக்கிறோம்.

அதே நாங்கள் ஊருக்கு வந்து அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் வாவிக்கரையில் நிற்கிறோம். தோணியில் இருந்து இறங்குகிற மனிசன் இரவு முழுக்கத் தண்ணீரில் இருந்தவர். கூடு போட்டு, இரை கட்டி, நேரத்துக்கு நேரம் தூக்கிப் பார்த்து, கடி வாங்காமல் ஒவ்வொன்றுக்கும் கயிறு கட்டிக் கொண்டு வந்திருக்கிறார். அவரிடம் எங்கட வாய் எப்படித் திறக்கிறது! "என்ன காக்கா, தங்கமா விக்கிறீங்க?" "நேத்து இத விடக் குறையத்தானே குடுத்தீங்க?" "கால் ஒண்டு இல்லையே, நூறக் குறைங்க." கடைசியில் குறைத்துத்தான் வாங்குகிறோம். வாங்கிய பிறகு, "ஒரு சின்ன நண்டு சும்மா போடுங்க" என்பதும் இருக்கிறது.

பேரம் பேசுவது மார்க்கத்தில் கூடாதா என்று கேட்கப் போகிறவர்களுக்கு: கூடும். பேரம் பேசுங்கள். ஆனால் பேரம் பேசுகிற தைரியம் ஏசி போட்ட இடத்தில் செத்துப்போய், தோணிக்காரரைக் கண்டவுடன் உயிர்பெறுவது ஏன் என்பதுதான் கேள்வி. வெயில் ஏற ஏற விலை இறங்குகிற சாமானை வைத்துக்கொண்டு நிற்கிற ஒருவரிடம், அவர் எப்படியும் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று தெரிந்துகொண்டு பேசுகிற பேச்சை வியாபாரம் என்று சொல்ல எங்களுக்கு மனமில்லை.

சுஷிப் பக்கமும் இதே கதைதான். எங்கட இளம் ஆக்கள் இப்போது பச்சை மீனை விரும்பிச் சாப்பிடுகிறார்கள், சாப்பிடட்டும். 2020இல் பேலியகொடை மீன்சந்தையில் கொரோனா கொத்தணி வந்து நாடு முழுக்க மீனைக் கண்டாலே ஓடிய நேரத்தில், முன்னாள் அமைச்சர் திலிப் வெதஆரச்சி ஊடகவியலாளர் சந்திப்பில் ஒரு பச்சை மீனைக் கடித்துக் காட்டினார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம், மீம்ஸ் போட்டோம். இன்று அதே பச்சை மீன் சின்னச் சோற்று உருண்டைக்கு மேலே மெல்லிசாக வந்தால் படம் எடுக்கிறோம். அந்தச் சிவந்த துண்டு பெரும்பாலும் எங்கட கடலின் கெலவல்லாதான். இலங்கையில் பிடிக்கிற கெலவல்லா ஜப்பானுக்குக் குளிரூட்டிய நிலையில் விமானத்தில் போகிறது. பச்சையாகச் சாப்பிடுகிற தரத்துக்கு அது வர வேண்டும் என்றால் பிடித்தவுடன் இரத்தம் வடிய விட வேண்டும், குடல் எடுக்க வேண்டும், ஐஸுக்குள் புதைக்க வேண்டும், நசுங்காமல் கரைக்குக் கொண்டு வர வேண்டும். ஆழ்கடல் படகு வாரக்கணக்கில் நின்றால் முதல் நாள் மீனின் தரம் போய்விடும். ஆகவே நல்ல மீன் என்பது கைப் பக்குவமும் ஐஸ் செலவும் சேர்ந்தது.

எங்கட சந்தையில் அந்தக் கெலவல்லா சீமெந்துத் தரையில் கிடக்கிறது. மேலே ஈ, கீழே கழிவுத் தண்ணீர். ஐஸ் போட்டு வைத்திருக்கிற வியாபாரி கிலோவுக்குக் கொஞ்சம் கூடச் சொன்னால் அவரை விட்டு மற்றவரிடம் போகிறோம். பிறகு அவரும் ஐஸ் போடுவதை நிறுத்துகிறார். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில் இருந்து ஒரே இரவில் 340க்குப் போனதே, அந்த நாட்களில் இயந்திரப் படகுகள் கரையில் கிடந்ததை எங்கட கண்ணால் பார்த்தோம். அப்போதும் எங்கட கதை, "மீன் வில கூடிப் போச்சு" என்பதைத் தாண்டவில்லை.

ஹலால் விடயத்திலும் ஒரு வார்த்தை. சுஷிச் சோற்றில் சில இடங்களில் மிரின் சேர்க்கிறார்கள், அது மதுசாரம் உள்ள அரிசிப் பானம். சோஸிலும் வரலாம். கேட்டுத்தான் சாப்பிட வேண்டும், எங்கட ஆக்கள் கேட்கிறார்கள், நல்ல விடயம். நண்டைப் பற்றி மத்ஹப்களுக்குள் இருக்கிற கருத்து வேறுபாட்டை உலமாக்களிடமே விடுகிறோம், அதைக் கொமன்டில் தீர்க்க வர வேண்டாம். நாங்கள் சொல்வது இவ்வளவுதான். தட்டில் என்ன ஊற்றியிருக்கிறது என்று இவ்வளவு நுணுக்கமாகக் கேட்கத் தெரிந்த எங்களுக்கு, பிடித்தவருக்கு என்ன கொடுத்தோம் என்று கேட்கத் தெரியவில்லை.

இஸ்ராப் கட்சிக்கும் ஒரு கேள்வி. வருசத்துக்கு ஒருமுறை மனிசி பிள்ளைகளோடு போய்ச் சாப்பிட்ட ஒரு இளம் குடும்பத்தை இவ்வளவு விளாசினீர்கள். அவர்கள் தட்டில் ஒரு பருக்கை மிஞ்சியிருக்காது, அந்த விலைக்கு யாரும் மிச்சம் வைப்பதில்லை. கலியாண வீட்டில் அரைவாசியோடு எழும்பி வருகிற சஹன்கள் எத்தனை? அடுத்த நாள் காலையில் அந்தச் சோறு எங்கே கொட்டப்படுகிறது என்று மாடுகளுக்கும் காகங்களுக்கும் தெரியும். அதற்கு நீங்கள் பதிவு போட்டதை நாங்கள் காணவில்லை. கலியாணக்காரர் பெரிய ஆள், ஸ்டேட்டஸ் போட்டவர் சின்ன ஆள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆசிரியர்களான எங்களுக்கு இந்தக் கணக்கு வகுப்பறையில் தெரிகிறது. வாவிக்கரைப் பிள்ளைகள் முதலாம் பாடவேளைக்கு வந்து தூங்குகிறார்கள். விடியற்காலை வாப்பாவோடு கூடு தூக்கப் போனவர்கள். ஒன்பதாம், பத்தாம் ஆண்டில் கதிரைகள் ஒவ்வொன்றாக வெறுமையாகும். கேட்டால், "தோணிக்குப் போறான் சேர்," இல்லாவிட்டால், "கட்டாருக்கு வயசு வரட்டும் எண்டு இருக்கான்." வீட்டில் நண்டு சாப்பிடுவீர்களா என்று அந்தப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். சாப்பிடுவார்கள். கொடுக்கு உடைந்தது, ஓடு மட்டும் பெரிதாகி உள்ளே சதை இல்லாத தண்ணி நண்டு, வியாபாரி கழித்துப் போட்டது. முழு நண்டு அந்த வீட்டுச் சட்டிக்குள் போவதில்லை. அதற்கு வேறு ஆள் இருக்கிறது, கொழும்பு வியாபாரியின் பெட்டி இருக்கிறது, அதற்குப் பிறகு எங்கட ஸ்டேட்டஸ் இருக்கிறது. நூறு ரூபா குறைத்துவிட்டோம் என்று நாங்கள் வீட்டில் பெருமையடிக்கிற அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒரு சீ.ஆர். கொப்பி பிந்துகிறது. இது உவமைக்குச் சொன்னதல்ல. பாடசாலையில் கொப்பி இல்லாமல் வருகிற பிள்ளையின் பெயரைக் குறிப்பேட்டில் எழுதுகிறவர்கள் நாங்கள்.

"எங்கட காசு, எங்கட விருப்பம்" என்பவர்களோடு எங்களுக்குச் சண்டை இல்லை. "கொழும்பான் சாப்பிடலாம், கிழக்கான் சாப்பிடக் கூடாதா?" என்றும் ஒருவர் கேட்டிருந்தார். தாராளமாகச் சாப்பிடுங்கள், எங்கட வாவி நண்டை எங்கட ஆள் முழு விலை கொடுத்துச் சாப்பிடுவதில் சந்தோசம்தான். கொழும்பில் கொடுக்கிற மரியாதையில் பத்தில் ஒன்றையாவது கரையில் கொடுங்கள் என்கிறோம்.

செய்யக்கூடியது பெரிய விடயமும் இல்லை. உள்ளங்கையில் அடங்குகிற நண்டை வாங்காமல் விடுங்கள், வாங்க ஆள் இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் அது கூட்டில் இருந்து திரும்பத் தண்ணீருக்குப் போகும். சினை நண்டு கேட்பதை நிறுத்துங்கள், உம்மாமார் கோபிப்பார்கள், பரவாயில்லை. ஐஸ் போட்டு விற்கிறவரிடம் கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்குங்கள். பள்ளிவாசல் நிருவாகத்தில் இருப்பவர்கள் இதைப் பார்த்தால், கரையில் ஒரு நிழல் கொட்டிலும் ஒரு ஐஸ் பெட்டியும் சரியான தராசும் வைப்பதற்கு, மினாராவுக்குப் புதிதாகப் பூசப் போகிற பெயின்ற் செலவை விடக் குறைவாகத்தான் போகும்.

ரெஸ்டூரன்ட் பெயர், போகிற வழி, விலை எல்லாம் கேட்டு இன்பொக்ஸ் வராதீர்கள், கூகுளில் இருக்கிறது. வாவிக்கரைக்குப் போகிற ஆக்கள் காலை ஆறு மணிக்கு முந்திப் போங்கள். சுபஹ் தொழுதுவிட்டு நேரே போனால் சரியாக இருக்கும். பை கொண்டு போங்கள், சில்லறையும் கொண்டு போங்கள், அவர்களிடம் ஐயாயிரம் ரூபா நோட்டுக்கு மிச்சம் இருக்காது.