மகளிடம் சொல்லாதே!

சென்ற இதழில் பெரு நாட்டுத் தலைநகர் லிமாவில் நான் திருதிருவென்று விழித்த கதையை எழுதியிருந்தேன் அல்லவா? அவருக்கு ஆபீஸ் வேலை முடிந்து நாலு நாள் லீவு கிடைத்தது. "வா, குஸ்கோவைப் பார்த்துவிட்டு வரலாம்" என்றார்.

லிமா கடலோரத்து ஊர். அங்கே விமானம் ஏறி ஒன்றேகால் மணி நேரத்தில் குஸ்கோவில் இறங்கினால், கடல் மட்டத்திலிருந்து 3,400 மீட்டர் உயரத்தில் நிற்கிறோம். நம் ஊட்டியைப் போல ஒன்றரை மடங்கு! ஊட்டிக்காவது வளைந்து வளைந்து ஏறுகிறோம். இங்கே திடுதிப்பென்று தூக்கி வைத்த மாதிரிதான். விடுதியின் மாடிப்படி ஏறுவதற்குள் எனக்கு மேல்மூச்சு வாங்கியது. விடுதிக்கார அம்மாள் கொக்கா இலையைக் கொதிநீரில் போட்டுக் கொடுத்தாள். நம் கஷாயத்துக்குச் சித்தி மகள் போல இருந்தது. பெருவில் அதைக் கடையிலேயே விற்கிறார்கள். ஆசைப்பட்டு ஒரு பொட்டலம் பெட்டியில் போட்டு வந்துவிடாதீர்கள். நம் நாட்டில் அதற்குத் தடை.

அங்கேதான் அந்த அர்ஜென்டினா பாட்டியைப் பார்த்தேன். ஓய்வு பெற்ற டீச்சர், எழுபதை நெருங்கும் வயசு. மகள் சேமித்த பணத்தில் அம்மாவை அழைத்து வந்திருந்தாள். பாட்டிக்கு இங்கிலீஷ் தெரியாது. எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. நடுவில் மகள் துபாஷி. ஆனாலும் பத்து நிமிஷத்தில் நாங்கள் ஒட்டிக்கொண்டோம்.

சான் பெட்ரோ மார்க்கெட்டுக்குச் சேர்ந்தே போனோம். அடேயப்பா, உருளைக்கிழங்கில்தான் எத்தனை வகை! ஊதா, மஞ்சள், கறுப்பு, விரல் மாதிரி நீளமானது, முண்டும் முடிச்சுமாய் ஒன்று. சோளத்தின் ஒவ்வொரு மணியும் கட்டைவிரல் நகம் பெரிசு. ஒரு கடையில் கூழாங்கல் போல வெள்ளையாய் ஏதோ குவித்திருந்தது. அதுவும் உருளைக்கிழங்குதானாம்! பேர் சூனியோ. பனிக்காலத்து ராத்திரியில் கிழங்கை வெளியே பரப்பி உறைய விடுவார்கள். பிறகு காலால் மிதித்துத் தண்ணீரைப் பிழிந்து வெயிலில் காய வைப்பார்கள். வருஷக்கணக்கில் கெடாதாம். நாம் வற்றல் போட வெயிலை மட்டும் நம்புகிறோம்; இவர்கள் பனியையும் வேலை வாங்குகிறார்கள்!

அப்புறம் கோரிகாஞ்சா. இன்கா மன்னர்களின் சூரியன் கோயில். அதன் மேலேயே ஸ்பானியர்கள் மடம் கட்டிவிட்டார்கள். 1950 பூகம்பத்தில் மேலே கட்டிய மடம் சேதமடைந்தது. அடியில் இருந்த இன்கா சுவர் அசையவில்லை. சாந்தே இல்லாமல் இழைத்து அடுக்கிய கல்.

அன்று ராத்திரி பாட்டி சூப்பைத் தொடவில்லை. நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டே இருந்தாள். நான் கைப்பையிலிருந்த தைல பாட்டிலை நீட்டினேன். வாங்கித் தடவிக்கொண்டு, மகள் இருந்த பக்கம் கண்ணைக் காட்டி, உதட்டில் விரலை வைத்தாள். நானும் தலையாட்டினேன். ஏன் தெரியுமா? எனக்கும் காலையிலிருந்து மண்டை பிளந்துகொண்டிருந்தது. இவரிடம் மூச்சு விடவில்லை. டிக்கெட் வாங்கியாச்சு, லீவு போட்டாச்சு, தலைவலி என்று யார் சொல்வது?

மறுநாள் காலை பாட்டி சுவரைப் பிடித்தபடி வந்தாள். படகில் நடப்பவள் மாதிரி கால் தள்ளாடியது. உட்கார்ந்த பிறகும் மூச்சிரைப்பு அடங்கவில்லை. மகள் கேட்டதற்கு ஏதோ சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாள். தூக்கமில்லை, அதனால்தான் என்றாள் மகள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. விரலும் உதடும் என்ன வேண்டியிருக்கிறது என்று, என் ஓட்டை இங்கிலீஷில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

டாக்டர் வந்தார், ஆக்ஸிஜன் வைத்தார். தலைவலி, குமட்டல், தூக்கமின்மையோடு நின்றால் மேலே ஏறாமல் ஓய்வெடுக்க, ஓரிரு நாளில் சரியாகிவிடுமாம். நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இரைத்தாலோ, மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோக்கிறது என்று அர்த்தம். ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் கீழே இறக்க வேண்டும். தைலமும் கொக்கா தண்ணீரும் அதற்கு மருந்தே இல்லை. முதலில் 2,900 மீட்டருக்கும் கீழே இருக்கும் உருபாம்பா பள்ளத்தாக்கில் இரண்டு ராத்திரி தங்கிவிட்டு மேலே வந்திருக்கலாம் என்றார் டாக்டர். முன்கூட்டியே சாப்பிட மாத்திரையும் உண்டாம். அதை அவரவர் டாக்டரைக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். லடாக்கில் லே நகரமும் 3,500 மீட்டர்தான். விடுமுறைக்கு அங்கே விமானத்தில் போகிற சகோதரிகள் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆக்ஸிஜனோடு லிமாவுக்குக் கிளம்பும்போது மகள் கேட்டாள்: "நேற்று ராத்திரியே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் வண்டியில் ஏறிவிட்டாள்.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "உனக்கு?"

சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். மலைமேல் இருக்கும் சக்சைவாமன் கோட்டைக்குப் போவதை ரத்து செய்துவிட்டு, போர்வையைக் கொண்டுவந்து போர்த்திவிட்டார். முழு நாள் படுத்திருந்தேன். மறுநாள் சாயங்காலம்தான் தலை என் தலையாயிற்று.

கடைசி நாள் ஒரு குறுகிய சந்தில் பன்னிரண்டு மூலை வெட்டிய புகழ் பெற்ற கல்லைப் பார்த்தோம். அங்கே நிற்கும்போது மகளிடமிருந்து போனில் செய்தி வந்தது. லிமா கடற்கரையில் அம்மா தானாகவே நடக்கிறாளாம். தைல பாட்டிலை மட்டும் திருப்பித் தர மாட்டாளாம்.