ஓட்டர்களின் சந்நியாசம்

தேர்தல் வந்துவிட்டால் வடசேரிச் சந்தையிலும் தோவாளைப் பூக்கடைகளிலும் தேநீர்க் கடை பெஞ்சுகளிலும் ஒரு புது வேதாந்தம் பேசப்படுவதை நாம் கேட்டு வருகிறோம். “எவன் வந்தால் நமக்கென்ன? எல்லோரும் ஒரே குட்டையில் ஊறின மட்டைகள். நான் ஓட்டுப் போடப் போவதில்லை” என்பதே அந்த வேதாந்தம். இப்படிச் சொல்லுகிறவர்கள் மூடர்களல்ல. பெரும்பாலும் யோக்கியர்கள், பலமுறை ஏமாற்றப்பட்டவர்கள். ஆதலால்தான் இவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது அவசியமாகிறது.

அபேட்சகர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று வாதாட நாம் வரவில்லை. ஜாதியைச் சொல்லி ஓட்டுக் கேட்பவரையும், சாமியைச் சொல்லிக் கேட்பவரையும், பணத்தை நீட்டிக் கேட்பவரையும் நாமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். நமது கேள்வி ஒன்றே ஒன்றுதான். நீங்கள் வீட்டில் படுத்துக்கொண்டால் அந்த நாற்காலி காலியாக இருக்குமா? இருக்காது. யாராவது ஒருவன் உட்காரத்தான் போகிறான். உங்களைக் கேளாமல் உட்காருவான் என்பது மாத்திரமே வித்தியாசம்.

நாஞ்சில் நாட்டு விவசாயி, விதைநெல்லில் பதர் இருக்கிறதென்று கோபித்துக்கொண்டு கன்னிப்பூவுக்கு வயலைத் தரிசாகப் போடுகிறானா? உள்ளதைத் தூற்றிப் பதரை நீக்கி விதைக்கிறான். வயலில் இருக்கிற இந்தப் புத்தி ஓட்டுச் சாவடியில் மாத்திரம் ஏன் இல்லாமற் போக வேண்டும்?

ஒரு ஓட்டினால் என்ன ஆகிவிடும் என்று கேட்கிறவர்களுக்கு நமது ஜில்லா திருவிதாங்கூரில் இருந்த காலத்துச் சங்கதி ஒன்றை ஞாபகப்படுத்துகிறோம். வைக்கம் போராட்டம் நடந்துகொண்டிருந்தபோது, வைக்கம் கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களையும், ராஜ்யத்தில் அதுபோன்ற மற்றத் தெருக்களையும் எல்லா ஜாதியாருக்கும் திறந்துவிட வேண்டும் என்ற தீர்மானம் திருவிதாங்கூர்ச் சட்டசபைக்கு வந்தது. 1925 பிப்ரவரியில் ஓட்டெடுக்கப்பட்டது. ஆதரவு 21, எதிர்ப்பு 22. தீர்மானம் தோற்றது. ஒரே ஒரு ஆசாமி மாறிக் கை தூக்கியிருந்தால் 22 இந்தப் பக்கமும் 21 அந்தப் பக்கமும் ஆகியிருக்கும். அந்த ஆசாமி மகாத்மாவாக இருக்க வேண்டியதில்லை. சீர்திருத்தக்காரனாகக்கூட இருக்க வேண்டியதில்லை. மற்ற 21 பேரைவிடக் கொஞ்சம் குறைந்த கெட்டவனாக இருந்திருந்தாலே போதும். நடந்தது என்ன? மறு வருஷம் நமது சுசீந்திரத்திலேயே தெருவில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியதாயிற்று. கோவில் பிரவேசப் பிரகடனம் வந்ததோ 1936 நவம்பரில்தான்.

“அதே திருவிதாங்கூரில் ஓட்டைப் பகிஷ்கரித்துத்தானே காரியம் சாதித்தார்கள்?” என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. 1932-ல் வந்த சட்டசபைச் சீர்திருத்தம் தங்களுக்குப் பாதகம் என்று கண்ட ஈழவர்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் ஒன்றுகூடி, ஓட்டுப் போடாமல் விலகி நின்றார்கள். அதற்கு நிவர்த்தனக் கிளர்ச்சி என்று பெயர். ஆனால் அவர்கள் விலகி நின்று தூங்கவில்லை. ஜனத்தொகைக்குத் தக்க பிரதிநிதித்துவமும் சர்க்கார் உத்தியோகத்தில் பங்கும் வேண்டும் என்று கோரிக்கை வைத்தார்கள், ஊர் ஊராய்க் கூட்டம் போட்டார்கள், பேசினதற்காக சி.கேசவன் சிறை சென்றார். 1936-ல் ஓட்டுரிமை விரிவாக்கப்பட்டு இட ஒதுக்கீடும் வந்தது. வந்ததும் 1937 தேர்தலில் அவர்கள் ஓட்டுச் சாவடிக்கு ஓடினார்கள்! அவர்கள் ஓட்டை விட்டது ஓட்டைப் பெறுவதற்காக. நமது வேதாந்திகள் விடுவது எதைப் பெறுவதற்காக? கோரிக்கையும் கூட்டமும் உள்ள பகிஷ்காரம் போராட்டமாகும்; அவை இல்லாத பகிஷ்காரம் வெறும் சோம்பலேயாகும்.

“அதற்குத்தான் ‘நோட்டா’ இருக்கிறதே” என்பார்கள். சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பினால் 2013 முதல் அந்தப் பொத்தான் வந்திருப்பது வாஸ்தவமே. ஆனால் பார்லிமெண்டு, சட்டசபைத் தேர்தல்களில் அதற்கே அதிக ஓட்டு விழுந்தாலுங்கூட, அதற்கு அடுத்தபடி ஓட்டு வாங்கின அபேட்சகரே ஜெயித்தவராவார். உங்கள் கோபம் கணக்கில் ஏறும், நாற்காலியில் ஏறாது.

பெரியார் 1925-ல் காங்கிரசை விட்டு வெளியேறி, அதை ஒழிப்பதே வேலையாக இருந்தவர். ஆனால் அரைநாள் படிப்பு, அரைநாள் அப்பன் தொழில் என்ற கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்த ராஜாஜி 1954-ல் விலகி, காமராஜர் முதல் மந்திரியானபோது, அவரும் காங்கிரசுக்காரர்தானே என்று பெரியார் சும்மா இருந்துவிடவில்லை. குடியாத்தம் இடைத் தேர்தலில் காமராஜரை ஆதரித்தார். காங்கிரசின் மேல் பக்தி வந்துவிட்டதா? இல்லை. யார் உட்கார்ந்தால் நமது பிள்ளைகளின் பள்ளிக்கூடம் திறந்திருக்கும் என்று கணக்குப் பார்த்தார், அவ்வளவுதான். பக்தி வேறு, கணக்கு வேறு.

குற்றமற்ற அபேட்சகர் வரட்டும், அப்போது ஓட்டுப் போடுவேன் என்பது அவதாரம் வரும் என்று காத்திருப்பதற்கு ஒப்பாகும். எவன் வந்தாலும் ஒன்றுதான் என்பதோ பச்சைத் தலைவிதி வாதம். கோவில் வாசலில் அவதாரத்தையும் தலைவிதியையும் பரிகாசம் செய்துவிட்டு, ஓட்டுச் சாவடி வாசலில் அவற்றைக் கும்பிடுவது பகுத்தறிவாகுமா?

ஆகவே தோழர்களே! நிற்பவர்களில் யார் நல்லவர் என்று தேடி ஏமாறாதீர்கள். யார் ஜெயித்தால் நாளை நாம் கூட்டம் போடவும், எதிர்த்துப் பேசவும், கேள்வி கேட்கவும் இடம் இருக்கும், யார் ஜெயித்தால் ஏழையின் பிள்ளைக்கும் தாழ்த்தப்பட்டவனுக்கும் கெடுதல் குறையும் என்று மாத்திரம் பாருங்கள். அவருக்கு ஓட்டைப் போடுங்கள், மாலையைப் போடாதீர்கள். ஜெயித்த மறுநாளே அவர் வாசலில் போய் நின்று கணக்குக் கேளுங்கள். ஓட்டுப் போட்டதோடு வேலை தீர்ந்தது என்பவனும், ஓட்டே வேண்டாம் என்பவனும் அயோக்கியனுக்கு ஒரே உபகாரத்தைத்தான் செய்கிறார்கள் என்பது நமது அபிப்பிராயம்.