வீடு திரும்பிய செய்தி யாருக்குப் போகிறது?

மருத்துவமனையிலிருந்து ஒருவர் வீடு திரும்பும் நாள் குடும்பத்தாருக்கு நிம்மதி தரும் நாள். எங்களுக்கோ அதற்கடுத்த ஒரு வாரம்தான் கவலைக்குரியது. உள்நோயாளிப் பிரிவில் நேரம் பார்த்து மருந்து கொடுக்கச் செவிலியர் இருந்தார். வீட்டிலோ பழைய மாத்திரைப் பையும் புதிய மாத்திரைப் பையும் ஒரே ஆணியில் தொங்குகின்றன. பெயரும் உறையின் நிறமும் வேறாக இருந்தாலும் உள்ளிருக்கும் மருந்து ஒன்றாகவே இருக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. இரண்டையும் சேர்த்து உட்கொண்டு, இரத்த அழுத்தம் தாழ்ந்து, மீண்டும் அவசரப் பிரிவுக்கே வருகிறவர்களை நாங்கள் பார்க்கிறோம். காலில் சீழ் பிடித்திருந்தபோது உயர்த்திய இன்சுலின் அளவு, புண் ஆறியபின் குறைக்கப்பட வேண்டும். அதை யார் குறைப்பது? ஊரில் அவரை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவருக்கு, அவர் மருத்துவமனையில் சேர்ந்திருந்த செய்தியே எட்டியிருப்பதில்லை.

இக்குறையைப் போக்கப் பிற நாடுகளில் ஒரு வழி நடைமுறையில் உள்ளது. நோயாளி சேர்ந்தவுடனும், வேறிடம் மாற்றப்படும்போதும், வீடு திரும்பும்போதும் மருத்துவமனைக் கணினி தானாகவே அவருடைய வழக்கமான மருத்துவருக்குச் செய்தி அனுப்பிவிடும். அமெரிக்காவில் 2021 மே முதல், அரசுக் காப்பீட்டில் பங்குபெறும் மருத்துவமனைகளுக்கு, அதற்கான கணினி வசதி இருப்பின், இது கட்டாயமாக்கப்பட்டது. நம் நாட்டில் தேசிய டிஜிட்டல் சுகாதாரத் திட்டம் 2020 ஆகஸ்டு 15 அன்று ஆறு யூனியன் பிரதேசங்களில் சோதனையாகத் தொடங்கியபோது, அவற்றுள் புதுச்சேரியும் ஒன்று. இன்று பலர் கையில் 14 இலக்க ஆபா எண் உள்ளது. ஆனால் அந்த எண் ஓர் அலமாரிச் சாவி போன்றது. மருத்துவர் கேட்டு, நோயாளி இசைந்தால், உள்ளிருக்கும் ஆவணம் வெளியே வரும். கேட்க வேண்டும் என்று மருத்துவருக்குத் தோன்றுவதற்கே, நோயாளி வீடு திரும்பிய செய்தி முதலில் அவரை அடைய வேண்டுமல்லவா?

காசநோய்ப் பணியில் இதற்கு நெருங்கிய ஏற்பாடு ஒன்று முன்பே உண்டு. 2012 முதல் காசநோயாளியைப் பற்றி அரசுக்குத் தெரிவிப்பது எல்லா மருத்துவமனைகளுக்கும் கடமை. பெரிய மருத்துவமனையில் நோய் கண்டறியப்பட்டவரை, நிக்‌ஷய் தளத்தின் வழியே அவர் வீட்டருகே உள்ள நிலையத்துக்கு மாற்றலாம். அங்குள்ள பணியாளர் தம் பட்டியலில் புதிய பெயரைக் கண்டு, அவரைத் தேடிச் செல்ல வேண்டும். எங்கள் கணிப்பில் இந்த ஏற்பாட்டின் வலிமை கணினியில் இல்லை. செய்தியைப் பெற்றவருக்கு அதன்மேல் ஒரு வேலை இருக்கிறது என்பதில் உள்ளது. மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் சிகிச்சை பெற்றுத் திரும்புவோருக்கும் இவ்வாறு ஒருவர் வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

அந்த ஒருவர் யார்? அமெரிக்கச் சட்டம் நோயாளிக்கு ஒரு குடும்ப மருத்துவர் இருப்பதாக எண்ணிக்கொள்கிறது. நம் பகுதியில் ஒருவரே சர்க்கரைக்கு ஜிப்மரிலும், காய்ச்சலுக்குத் தெருமுனை மருத்துவரிடமும், இரத்த அழுத்த மாத்திரைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் நிற்கிறார். போதாக்குறைக்கு நம் நிலவியல்! தவளக்குப்பத்தில் நெஞ்சுவலி வந்தால் ஒரு வண்டி வடக்கே புதுச்சேரிக்கும் இன்னொன்று தெற்கே கடலூருக்கும் போகும். பாகூர் கொம்யூன் ஊர்களோ கடலூர் மாவட்ட ஊர்களோடு பின்னிக் கிடக்கின்றன. வரப்பு மாறினால் அரசு மாறுகிறது, பதிவேடும் மாறுகிறது. ஆகவே நலவழித்துறை தன் மருத்துவமனைகளுக்குள் மட்டும் ஓர் ஏற்பாடு செய்வதால் பயன் பாதிதான். எல்லைக்கு அப்பாலிருந்தும் செய்தி வர வேண்டும்.

செய்தி மருத்துவருக்கு மட்டும் போனால் போதாது என்றும் கருதுகிறோம். பிரசவமாகி வீடு திரும்பிய தாயையும் சேயையும் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள்களில் ஆஷா பணியாளர் சென்று பார்க்க வேண்டும் என்ற முறை இருக்கிறது. முதியவருக்கும் அதுபோல் முதல் மூன்று நாள்களுக்குள் கிராமச் செவிலியர் ஒருமுறை சென்று இரு மாத்திரைப் பைகளையும் விரித்துப் பார்த்தாலே பல சேர்க்கைகள் குறையும். அவருக்கு நீண்ட அறிக்கை வேண்டாம். என்ன நோய், எந்த மருந்து புதிது, எது நிறுத்தப்பட்டது, அடுத்த பரிசோதனை என்று என்பவை போதும். நிறுத்திய மருந்தைக் குறிப்பிடுவதே இவற்றுள் முக்கியம். அதுதான் பெரும்பாலும் எழுதப்படாமல் போகிறது.

தங்களைப் பற்றிய செய்தி ஊருக்குள் போவதை எல்லோரும் விரும்பமாட்டார்கள். மனநலச் சிகிச்சை பெற்றவர், அதே தெருவில் வசிக்கும் பணியாளர் தம் வீட்டுக்கு வருவதை ஏன் விரும்ப வேண்டும்? யாருக்குச் சொல்லலாம், யாருக்குச் சொல்லக்கூடாது என்பதைச் சேர்க்கையின்போதே நோயாளியிடம் கேட்க வேண்டும். ‘வேண்டாம்’ என்றால் அனுப்பக்கூடாது; அதனால் சிகிச்சையில் எக்குறையும் வரக்கூடாது.

இவையெல்லாம் நடைமுறைக்கு வரும்வரை குடும்பத்தாரின் உதவி எங்களுக்குத் தேவை. பதிவு மேசையில் தரப்படும் கைபேசி எண், பல வேளைகளில் வண்டியில் உடன்வந்த அண்டை வீட்டாருடையது. அல்லது சென்னையில் வேலை பார்க்கும் மகனுடையது. பரிசோதனை முடிவைச் சொல்ல நாங்கள் அழைக்கும்போது, நோயாளியின் அருகில் யாரும் அதை எடுப்பதில்லை. வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவரின் எண்ணைத் தாருங்கள். எண் மாறினால் மறுமுறை வரும்போது சொல்லுங்கள். ‘ஊரில் உங்களை யார் பார்க்கிறார்?’ என்று நாங்கள் கேட்க மறந்தாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். வீடு திரும்பிய இரண்டொரு நாளில், டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலையும் வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டு அந்த மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். நோயாளி நடக்க முடியாதவராயின் பை மட்டும் போனாலும் போதும்.