ஆசான் வீட்டு ஏடு

நாஞ்சில் நாட்டிலும், அதன் மேற்கே கல்குளம், விளவங்கோடு பகுதிகளிலும், வர்ம ஆசான்மார் வீட்டு மச்சுகளில் பழந்துணியிற் பொதிந்த ஓலைச்சுவடிக் கட்டுகள் உண்டென்பதை நம்மிற் பலரும் கேள்வியுற்றிருப்போம். அவை சிறு நூல்நிலையங்களே. எனினும், வாசகர்க்குக் கதவு திறவாத நூல்நிலையங்கள். வீட்டுப் பிள்ளைகளும் அவற்றைத் தொடலாகாது. இக்காவல் இன்றும் தக்கதுதானா என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுந்த விஷயம்.

காவலுக்குக் காரணம் இல்லாமலில்லை. மானிட உடலில் வர்மங்கள் 108 என்பது பொதுவாக வழங்கும் கணக்கு. அவற்றுள் படுவர்மம் 12, தொடுவர்மம் 96. புருவ மத்தியிலுள்ள திலர்த காலம் போன்ற படுவர்மத்தில் வலிய அடி விழுமாயின் உயிர்க்கே இறுதி நேரும் என்பர். இத்தகைய வித்தை கோபக்காரன் கையிற் சிக்கினால் விளைவது யாதென எவரும் அறிவர். ஆதலின் ஆசான்மார் மாணாக்கனைப் பல்லாண்டு உடன்வைத்து, அவன் பொறுமையையும் நாவடக்கத்தையும் சோதித்த பின்னரே ஏட்டை அவிழ்த்தனர்.

ஆயினும், வீழ்த்தும் இடத்தைக் காட்டும் அதே மரபே, வீழ்ந்தவனை அடங்கல் தடவி எழுப்பும் முறையையும் கூறுகின்றது. பனையினின்று விழுந்து எலும்பு முறிந்த ஏழைத் தொழிலாளி தலைமுறை தலைமுறையாக நாடிச்சென்றது இவ்வாசான்மாரின் திண்ணையையே. 1996-இல் வெளிவந்த ‘இந்தியன்’ என்னும் திரைப்படத்தால் வர்மம் விரலாற் சாய்க்கும் வித்தையாக நாடெங்கும் பேசப்பட்டது. நோய் தீர்க்கும் கலையாக அதனை அறிந்தோர் அத்துணைப் பேர் இலர். மறைத்ததன் பயன் இதுவே: அச்சம் வெளியே உலாவுகின்றது, மருந்து மச்சில் உறங்குகின்றது.

‘ஏட்டை வெளியிட்டால் தீயோர் கற்பரே’ என்பாருக்கு நாம் கூறுவது ஒன்றுண்டு. வர்ம ஏடுகள் பரிபாஷையில் அமைந்தவை. செய்யுளைப் படித்த மாத்திரத்தில் இடமும், மாத்திரையும், இளக்குமுறையும் விளங்கா. ஆசான் தம் விரலால் தொட்டுக் காட்டல் வேண்டும். எனவே பூட்டு ஓலையில் இல்லை, ஆசானிடத்தே உள்ளது. அவர் மறைந்த பின்னர் எஞ்சும் ஓலையைக் கறையானுக்குக் கொடுப்பதால் எந்தத் தீமையும் தடைப்படுவதில்லை. ஒரு நன்மை மட்டும் அழிகின்றது.

அறுவை வைத்தியன் கற்கும் கத்தியும் கொல்லவல்லதே. அதற்காக வைத்திய நூல்களை யாரும் புதைத்துவிடவில்லை. கற்போனைத் தேர்ந்து, பழக்கி, உறுதிமொழி வாங்குகின்றனர். நம் ஆசான்மார் கண்ட வழியும் அதுவே.

ஆதலின் மாணவ நண்பர்காள், உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ இத்தகைய சுவடி இருப்பின், அதனைப் பறித்து வர வேண்டுவதில்லை. பெரியோரை வணங்கி, அவர் சம்மதம் பெற்று, ஏடுதோறும் நிழற்படம் எடுங்கள். படியொன்றைச் சென்னையிலோ திருவனந்தபுரத்திலோ உள்ள சுவடிநிலையத்திற் சேர்ப்பியுங்கள். ஆசான் உயிருடன் இருப்பின், ஏட்டினும் முன்னதாக அவர் சொல்லைக் குறித்து வையுங்கள். அது மீண்டும் கிடைப்பதன்று. சித்த வைத்தியம் பயில்வோர் அவற்றை இக்கால உடற்கூற்று நூலோடு ஒப்பிட்டு மெய்யும் பொய்யும் தெளியட்டும்.

காக்க வேண்டுவது ஓலையின் இரகசியத்தை அன்று. அதனைக் கற்பவனின் ஒழுக்கத்தையே. இதனை மறந்தால், நாம் காவல் நிற்பது வெறும் பொடிக்கே ஆகும்.