கேஸ் லீக் நின்னுடுச்சு... பயம் நின்னுச்சா? எண்ணூருக்குத் தேவைப்படும் ஹெல்த் சைக்காலஜி!

2023 டிசம்பர் 26, நள்ளிரவு. எண்ணூர் பெரியகுப்பம் பக்கம், உரத் தொழிற்சாலைக்குக் கடலுக்கடியில் வரும் குழாயில் அம்மோனியா கசிந்தது. கண் எரிச்சல், மூச்சுத்திணறலோடு மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடிவந்த வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. சுனாமி வந்த அதே தேதி. அதுக்குச் சில வாரம் முன்னாடிதான் மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணெய்க் கழிவு கலந்து, கொசஸ்தலை ஆற்றில் படகும் வலையும் கறுப்பாகியிருந்தன.

நுரையீரலையும் கண்ணையும் டாக்டர்கள் பார்த்தாங்க. தூக்கத்தை யார் பார்த்தது?

இந்தக் கேள்வியைக் கேட்கும் துறைதான் ஹெல்த் சைக்காலஜி. நோய் என்பது உடம்பு மட்டுமல்ல; மனசும் சூழலும் சேர்ந்ததுன்னு 1977-ல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் எங்கல் எழுதினார். அடுத்த வருஷமே அமெரிக்க உளவியல் சங்கத்தில் இதுக்குத் தனிப்பிரிவு வந்தது. 1979-ல் பென்சில்வேனியாவின் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலையில் விபத்து. வெளியேறிய கதிர்வீச்சு ரொம்பக் குறைவுன்னு அரசு சொன்னது. ஆனா ஒரு வருஷத்துக்கு மேல் கழிச்சு ஆண்ட்ரூ பாம் குழுவினர் பரிசோதிச்சப்போ, அந்த ஊர்க்காரங்க சிறுநீரில் ஸ்ட்ரெஸ் ஹார்மோன்கள் மற்ற ஊர்க்காரங்களைவிட அதிகம். அதாவது, அந்தப் பயம் 'பிரமை' இல்லை. லேபில் அளக்கக்கூடிய உடல் பாதிப்பு.

ஐரோப்பாவில் 1986-ல் இதுக்குச் சங்கம் உருவானது. நமக்கு நெருக்கமான பாடம் போபால். 1984 விஷவாயுவுக்குப் பிறகு க்ளினிக்குகளுக்கு வந்தவர்களைப் பரிசோதித்ததில், சுமார் 22 சதவிகிதம் பேருக்கு மனநலப் பிரச்னை. நிமான்ஸின் ஸ்ரீனிவாச மூர்த்தி போன்றவர்கள், அங்கிருந்த பொது மருத்துவர்களுக்கே மனநலப் பயிற்சி கொடுத்தாங்க.

அமெரிக்காவில் இந்தத் துறை பெரும்பாலும் சிகரெட்டை விடு, உடற்பயிற்சி செய்யுன்னு தனிமனிதப் பழக்கம் பக்கம் போயிடுச்சு. அதை அப்படியே இங்கே இறக்கினா, எண்ணூர்க்காரரிடம் 'ஆழமா மூச்சை இழுத்து விடுங்க'ன்னு சொல்ற கதைதான். எந்தக் காற்றை இழுப்பாரு பாவம்?

காற்றைச் சரிபண்ண வேண்டியது ஆலைகளும் அரசும். அதுவரைக்கும்? 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் பி.பி, சுகர் பார்க்க வீட்டுக்கே ஆள் வர்றாங்க. திருவொற்றியூர், எண்ணூர் வீடுகளில் அவங்களே "நைட்டு தூங்குறீங்களா, நாத்தம் வந்தா நெஞ்சு படபடன்னு அடிக்குதா?"ன்னும் கேட்கலாம். பதிலை பி.பி அளவு மாதிரியே எழுதிவைக்கணும். நாளைக்கு நஷ்டஈடு பேச்சு வரும்போது அதுவும் ஓர் ஆதாரம்.

உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ இப்படி இருந்தா, 14416-க்கு போன் பண்ணுங்க. மத்திய அரசின் டெலி-மானஸ், இலவசம், தமிழிலேயே பேசலாம்.