சோகை ஒன்றன்று

முகம் வெளுத்தவர் யாவராயினும், இரும்புச்சத்து மருந்து ஒரு புட்டி வாங்கிக் கொடுத்துவிட்டால் நம் கடமை முடிந்தது என்னும் எண்ணம் நம் இல்லங்களில் வேரூன்றி நிற்கின்றது. முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் அதற்குத் துணையாக வரும். உணவுக் குறைவால் வந்த சோகைக்கு இவை பயன்படும் என்பதை எவரும் மறுக்கார். ஆயின், முடக்குவாதத்தால் பல்லாண்டு வருந்துவோர்க்கு நேரும் சோகையையும் இவ்வாறே தீர்த்துவிடலாம் எனக் கருதுவது பிழை; சில வேளைகளில் உயிர்க்கே இடர் விளைக்கும் பிழை. இந்நோயாளர் வெளுத்துத் தோன்றுங்கால், "மருந்து யாது?" என்று வினவுமுன், "இஃது எவ்வகைச் சோகை?" என்று வினவுதல் வேண்டும் என்பதே யாம் ஈண்டு வற்புறுத்த விரும்புவது.

முடக்குவாதம் என்றது நம் நாட்டார் சரவாங்கி என வழங்கும் நோயை. முதுமையில் முழங்கால் தேய்ந்து வரும் வலி வேறு, இது வேறு. உடலைக் காத்தற்கென அமைந்த எதிர்ப்பாற்றல் திசைமாறி, தன் மூட்டுக்களையே பகையெனக் கொண்டு தாக்குதலால் இது விளைகின்றது. வேலியே பயிரை மேய்தல் என்னும் பழமொழிக்கு இதனினும் தக்க சான்று வேண்டா. ஆடவரைவிடப் பெண்டிர்க்கு இது இரண்டு மூன்று மடங்கு மிகுதி. ஆதலின், இந்நோயுற்ற அன்னையர் அடுப்படியில் அயர்ந்து அமருங்கால், "மூட்டு நோய் உள்ளவர்க்கு அயர்வு இயல்புதானே" என்று வீட்டாரும், ஏன், வைத்தியருள் சிலருங்கூடச் சொல்லி விடுகின்றனர். அவ்வயர்வில் பாதி சோகையால் வந்ததாக இருத்தல் கூடும் என்பதை எண்ணுவார் சிலரே.

இந்நோயாளரிடம் மிகுதியும் காணப்படும் சோகை, அழற்சியால் வருவது. மூட்டில் மூண்ட அழற்சி கல்லீரலைத் தூண்ட, அது ஹெப்சிடின் என்னும் பொருளை மிகுதியாகச் சுரக்கின்றது. இப்பொருள் 2000-ஆம் ஆண்டையொட்டியே அறிஞர்க்குப் புலனாயிற்று. குடலிலிருந்தும் சேமிப்பணுக்களிலிருந்தும் இரும்பு இரத்தத்தினுள் வரும் வாயிலை இஃது அடைத்துவிடுகின்றது. குதிர் நிறைய நெல்லிருந்தும் திறவுகோல் இன்மையால் வீட்டார் பட்டினி கிடப்பதை ஒக்கும் இந்நிலை. இங்கே மேலும் மேலும் இரும்பை விழுங்குவதாற் பயன் சிறிது. மூட்டழற்சியை அடக்குதலே மருந்து.

மற்றொன்று, வலி தீர்க்கும் மாத்திரைகளால் வருவது. அவற்றை நெடுநாள் உண்பார்க்கு இரைப்பையிற் புண் உண்டாகி, இரத்தம் சிறிது சிறிதாகக் கசியும். மலம் கருத்துக் கழிதல் இதற்கு அடையாளம். ஆனால் இரும்பு மருந்தும் மலத்தைக் கருக்கச் செய்யும்! தம் விருப்பப்படி இரும்பு உண்பவர், எச்சரிக்கும் அடையாளத்தையும் தாமே மறைத்துக்கொள்கின்றனர்.

மூன்றாவதன் வரலாறு நம் நாட்டோடு தொடர்புடையது. 1928-இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மாது, ஆலைத் தொழில்புரியும் கர்ப்பிணிகளின் சோகை ஒன்று ஈஸ்ட் சாரத்தால் தீர்வதைக் கண்டார். அதிலிருந்த சத்தே பின்னர் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ், லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அதனைச் செயற்கையாக ஆக்கிய குழுவிற்குத் தலைவராயிருந்தார். அதற்கு எதிராக வேலை செய்யும் மெதோட்ரெக்ஸேட் என்னும் மருந்தும் அக்கூடத்திற் பிறந்ததே. இன்று முடக்குவாதத்திற்கு முதன்மையாக அளிக்கப்படுவது அம்மருந்து. ஃபோலிக் அமிலத்தை உடன் உண்ணாவிடினும், வாரம் ஒரு நாள் உண்ணவேண்டியதை அறியாமல் நாள்தோறும் உண்டாலும், எலும்பு மச்சையில் இரத்தம் ஊறுவது தடைப்படும். நாள்தோறும் உண்டு உயிரிழந்தாரும் உளர்.

இனி, யாம் முதன்மையாகக் கூறவந்த வகை. மூட்டைத் தாக்கிய எதிர்ப்பாற்றலே சிலரிடம் சிவப்பணுக்களையும் தாக்கத் தொடங்கும். 120 நாள் வாழவேண்டிய அணுக்கள் சில நாட்களிலேயே அழியும். முடக்குவாதமுடையாரிடம் இஃது அரிதே. ஆயினும் வந்தால் விரைவில் முற்றும். வெளிறிய முகத்தோடு கண்கள் மஞ்சளிக்கும், சிறுநீரின் நிறம் மிகும், மூச்சு வாங்கும். நம் ஊர்களில் கண் மஞ்சளித்தால் அது காமாலையே என்று முடிவு கட்டிக் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பர். கல்லீரலிற் குற்றமில்லை, உடைந்த அணுக்களின் சாயமே கண்ணில் ஏறியிருக்கின்றது என்பதை அறியாமையால், விலைமதிப்பற்ற நாட்கள் கழிந்துபோகின்றன.

உடல் தன் இரத்தத்தைத் தானே அழிக்கும் என்பது புதுக் கருத்தன்று. 1904-இலேயே டோனாத், லாண்ட்ஸ்டைனர் என்னும் இருவர், குளிர் பட்டாற் சிறுநீர் கருஞ்சிவப்பாகும் ஒரு நோயில் இதனைக் காட்டினர். எனினும் அதனை எளிதிற் கண்டறியும் வழி 1945-இற்றான் கிட்டிற்று. கால்நடை வைத்தியம் பயின்றவரான ராபின் கூம்ஸ், மூரன்ட், ரேஸ் என்னும் இருவரோடு சேர்ந்து அதனை வகுத்தார். மனித இரத்தநீரின் புரதத்திற்கு எதிராக முயலின் உடலில் உண்டாக்கிய பொருளை, கழுவிய சிவப்பணுக்களோடு கலந்தனர். அணுக்களின் மேல் எதிர்ப்பொருள் ஒட்டியிருப்பின் அவை திரண்டு கட்டியாகும். முறை இவ்வளவே. மறு ஆண்டிலேயே இது சோகையை வகைப்படுத்தப் பயன்பட்டது. கூம்ஸ் சோதனை என்னும் பெயரோடு இன்றும் நிலவுகின்றது.

"அரிதில் வரும் ஒன்றிற்காக எல்லாரையும் சோதிப்பதோ?" என்பார்க்கு எம் விடை இது. எல்லார்க்கும் கூம்ஸ் சோதனை வேண்டுமென யாம் கூறவில்லை. ரெட்டிகுலோசைட் எனப்படும் இளஞ் சிவப்பணுக்களை எண்ணுதற்கு ஒரு நுண்ணோக்கியே போதும். அவ்வெண் மிக்கிருப்பின், அணுக்கள் அழிகின்றன அல்லது இரத்தம் கசிகின்றது; குறைந்திருப்பின், அணுக்கள் ஊறவில்லை. இவ்வொன்றே பாதையைப் பிரித்துக் காட்டும். அணுக்கள் அழிவது உறுதியானால் வேண்டியது இரும்பன்று. வைத்தியர் மேற்பார்வையில் அளிக்கப்படும் ஸ்டீராய்டு மருந்து. 1948-இல் ஹென்ச் என்பார் முடக்குவாத நோயாளர்க்கு முதன்முதல் அளித்த கார்டிசோனின் இனமே அது. இரத்தம் ஏற்ற நேரிடினும், கொடுப்பவர் இரத்தத்தையும் அவ்வெதிர்ப்பொருள் பற்றிக்கொள்ளுமாதலால், பொருத்தம் பார்த்தல் கடினம். இரத்த வங்கியார்க்கு முன்னரே அறிவித்தல் நன்று.

மெதோட்ரெக்ஸேட் உண்பவர்க்கு அவ்வப்போது இரத்தப் பரிசோதனை நடைபெறுகின்றது. அதன் முடிவுத்தாள்கள் வீட்டில் ஏதேனும் பைக்குள் மடிந்து கிடக்கும். ஆங்கிலத்தில் இருத்தலின் பெற்றோர் பலர் அவற்றைப் படிப்பதில்லை. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் அவற்றை எடுத்து, ஹீமோகுளோபின் என்னும் வரியைத் தேதிவாரியாக ஒப்பிட்டுப் பார்க்கலாகாதா? பெண்டிர்க்கு 12 கிராமுக்கும் ஆடவர்க்கு 13 கிராமுக்கும் கீழ் இறங்கினால் அது சோகை. இளஞ் சிவப்பணுவின் கணக்குப் பெரும்பாலும் அத்தாளில் இராது. அதனைக் கேட்டுத்தான் பெறவேண்டும்.